கொசு இறங்கும் பலகை

ஏப்ரல் 21, திங்கள்

மூத்த பேரன் சதானந்தம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். மஞ்சள் தொப்பி போட்டவர்கள் எல்லாம் வெள்ளைத் தொப்பி போட்ட இவன் சொல்வதைக் கேட்க வேண்டுமாம். அவன் தங்கை கோமதி புதுச்சேரியில் கண் ஆஸ்பத்திரி நர்ஸ். சின்ன வயதில் முழங்காலில் சிராய்த்தால் மயங்கி விழுவாள், இப்போது ஆபரேஷன் அறைக்குள் நிற்கிறாள். மகள் வயிற்றுப் பேரன் நந்தகோபால் கபடியில் மாவட்டத்துக்கு ஆடி, ஒரு பல்லைக் கொடுத்து ஒரு கோப்பையை வாங்கி வந்தான். பல்லுக்கு அவன் அம்மா அழுதாள். கோப்பையை நான் விளக்கி வைத்தேன்.

இவர்களுக்கு நடுவில் என் இளைய மகன் கலியமூர்த்தியின் மகள் வினோதினி. சென்னையில், ஆள் இல்லாமல் பறக்கிற டிரோன் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். பட்டம் வாங்கிய அன்று கையில் பூச்செண்டோடு எடுத்த படத்தைத் தபாலில் அனுப்பினாள். கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தடியில்தான் உட்கார வைப்பேன். இரண்டு வருஷமாகப் படம் ரொம்ப மங்கிவிட்டது. ஸ்டூடியோக்காரன் மட்டமான காகிதத்தில் போட்டிருக்கிறான்.

இன்று மத்தியானம் வினோவே வந்து நின்றாள். கூடவே இரண்டு பெரிய பெட்டிகள், ஜாபர் என்று ஒரு பையன். அவளோடு வேலை செய்கிறவன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகள் எல்லாம் கட்டிக்கிடக்கின்றன. அதற்காகவே இந்தச் சமயம் பார்த்து வந்திருக்கிறாள்.

"உன் படகு வேணும்பா" என்றாள் தன் அப்பனிடம், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"எதுக்கு பாப்பா?"

"என் டிரோன் ஓடுற படகு மேல தானா வந்து எறங்கணும். தரையில எறக்கிட்டேன்."

"தரையில எறங்கினா போதாதா?"

"கப்பலுக்குத் தரை ஏதுப்பா?"

கலியமூர்த்தி சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டான். முகத்துவாரம் வரை படகை ஓட்டிக்கொள்ள மீன்துறையில் முன்பே எழுதி வாங்கியிருக்கிறாள். கெட்டிக்காரி.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு விளங்கச் சொன்னாள். வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு மருந்து, சின்னச் சாமான் கொண்டுபோக இந்த டிரோன். நடுக்கடலில், மேலேயிருந்து வழிகாட்டுகிற சிக்னல் சில நேரம் வராது. வந்தாலும், ஆடுகிற கப்பலில் எந்த இடம் என்று சாண் கணக்காகச் சொல்லாது. அதனால் அது தன் கண்ணால் பார்த்தே இறங்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் கேமரா. கீழே படகின் பின்தளத்தில், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பலகை. பலகை பெரிதாகத் தெரிந்தால் கிட்டே இருக்கிறது, கோணலாகத் தெரிந்தால் படகு சாய்கிறது. ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு இது போதும்.

தடைக்காலம் முடிவதற்குள் இறக்கிக் காட்டாவிட்டால் இந்த வேலையையே மூடிவிடுவேன் என்று அவள் முதலாளி சொல்லியிருக்கிறார். பிறகு வினோவை வயலுக்கு மருந்தடிக்கிற டிரோன் பக்கம் தள்ளிவிடுவார்களாம். நான்கு வருஷமாக இதே வேலையாக இருக்கிறாள்.

"மருந்தடிக்கிறதும் வேலைதானே" என்றாள் என் மருமகள் தமயந்தி.

"வேலைதான்மா. என் வேலை இல்ல."

ஏப்ரல் 25, வெள்ளி

முதல் நாள். நானும் படகுத்துறைக்குப் போனேன். எங்கள் படகு ஓட்டுகிற டிரைவர் மாசிலாமணி, பெட்டியிலிருந்து அது வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியம்மா, உன் பேத்தி கொசு வளக்குது" என்றான். பெயர் ஒட்டிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் ஜாபரே "கொசுவுக்கு சார்ஜ் போடணும்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

கொசு படகைத் தேடிப் போனது. பலகைக்கு மேல் நின்று யோசித்தது. அப்புறம் வலைக்குவியலில் போய் விழுந்தது. நனைந்த பலகையில் வெயில் அடித்து மினுக்கியதால் கட்டம் தெரியவில்லையாம். மினுக்காத பெயின்ட் வாங்க ஜாபர் கடைத்தெருவுக்கு ஓடினான்.

எனக்கும்தான் இந்த வருஷம் வெயிலில் கண் கூசுகிறது. வெயிலே ஒரு மாதிரியாக அடிக்கிறது.

மே 3, சனி

கொசு இறங்கவில்லை. வினோ சாப்பிடவில்லை. சங்கரா மீன் குழம்பு மீந்துபோனது.

மே 9, வெள்ளி

இறங்கிவிட்டது.

மினுக்காத பெயின்ட் அடித்தும் இத்தனை நாள் இறங்காததற்குக் காரணம் அலை. படகு மேலே எழும்பும்போது அதுவும் கீழே வந்தால் முட்டிக்கொள்ளும். எழும்புவதற்கும் தாழ்வதற்கும் நடுவில் படகு ஒரு மூச்சு நிற்குமே, அந்த மூச்சைப் பலகை சாய்கிற விதத்திலிருந்து கண்டுபிடிக்க வினோ அதற்குப் பழக்கியிருக்கிறாள். இன்று அது அந்த மூச்சுக்காகக் காத்திருந்து, பூனை மாதிரி கால் வைத்தது என்று மாசிலாமணி சொன்னான்.

"நீ பாத்தியா ஆயா?" என்று வினோ வந்து கேட்டாள்.

"பாக்காம?" என்றேன்.

தமயந்தி பாயசம் வைத்தாள். அரிசியில் கல் இருந்தது என்று அவளே முணுமுணுத்தாள். அரிசி பார்த்தது நான்தான். இப்போதெல்லாம் கல்லையும் அரிசி நிறத்திலேயே போடுகிறான்கள்.

மே 22, வியாழன்

நாளைக்குக் கப்பல் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். முதலாளியும் வருகிறார். பத்து நாளாகக் கொசு தவறாமல் இறங்குகிறது. எனக்குத்தான் மனசு நிலைகொள்ளவில்லை. வீட்டில் புது மிக்சி வாங்கினால்கூடப் பொட்டு வைத்துத்தான் சுவிட்சைப் போடுகிறோம். படகு தடைக்காலம் முடிந்து கிளம்பும்போது சந்தனம், குங்குமம், மாலை இல்லாமல் கயிறு அவிழ்க்க மாட்டான் மாசிலாமணி. இந்தப் பிள்ளைகள் நாலு வருஷம் பாடுபட்டதை ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லாமல் காட்டப் போகிறார்கள். கேட்டால் சிரிப்பாள். கேட்கவில்லை.

தமயந்தியிடம் இரண்டு முழம் கதம்பம் வாங்கி வைக்கச் சொன்னேன்.

மே 23, வெள்ளி

விடியற்காலையில் குளித்துவிட்டுப் படகுத்துறைக்குப் போனேன். மாசிலாமணி டீ குடிக்கப் போயிருந்தான். பலகைமேல் காக்காய் எச்சம் படாமல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். தார்ப்பாயைத் தூக்கி, செய்ய வேண்டியதைச் செய்து, மறுபடி மூடிவிட்டு வந்தேன். மூலைக்கு மூலை மஞ்சள், நடுவில் சந்தனமும் குங்குமமும், ஓரத்தில் கதம்பம். காற்றில் போகாதபடி ஆணியில் சுற்றிக் கட்டினேன். மனசு நிறைந்திருந்தது.

பத்து மணிக்குப் படகு முகத்துவாரத்துக்குப் போனது. வினோவும் மற்றவர்களும் கரையில் பந்தலடியில் இருந்தார்கள். கொசு பறந்து போனது. படகுக்கு மேல் நின்றது, சுற்றியது, மறுபடி நின்றது, திரும்பிக் கரைக்கே வந்துவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவையும் அப்படியே.

முதலாளி பந்தலுக்கு வெளியே போய் யாருக்கோ போன் செய்தார்.

கப்பல் கம்பெனியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் கேப்டன். தூத்துக்குடிக்காரர், தலை முழுதும் நரை. அவர் மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு வினோவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தெரியாத எடத்துல எறங்கலல்லா. அது நல்ல குணம்தான்" என்றார். "ஆனா ஒண்ணு கேக்கேன். எங் கப்பல்ல துரு இருக்கும், எண்ணெ இருக்கும், மேல கயிறு கெடக்கும். ஒம்ம டிரோன் குளிச்சு முழுகின மொகத்தத்தான் பாக்குமோ?"

"இன்னொரு தடவை பாருங்க சார். உங்க கப்பல்லயே" என்றாள் வினோ.

"தடைக்காலம் முடியறதுக்குள்ள" என்று முதலாளி உள்ளே வந்தார். "அதோட முடிஞ்சுது வினோதினி."

மே 24, சனி

கொசு பார்த்த படத்தையெல்லாம் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுமாம். கரைக்கு வந்த பிறகு எடுத்துத்தான் பார்க்க முடியும். ராத்திரி முழுக்கப் பார்த்திருக்கிறாள். காலையில் அடுப்படிக்கு வந்தாள்.

"பலகையில யாரோ மஞ்ச குங்குமம் வச்சிருக்காங்க. ஓரத்துல பூ வேற. ஓரம் மறைஞ்சதால அது பலகைன்னே கொசுவுக்குத் தெரியல."

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மாசிலாமணி அண்ணன்தான் தார்ப்பாய எடுத்தாரு. பொட்டப் பாத்துட்டு, நாங்கதான் வச்சோம்னு நெனச்சு கையெடுத்துக் கும்பிட்டாராம்."

"அவன் நல்ல பக்திமான்" என்றேன்.

தமயந்தி இருமினாள். அவளுக்கு இருமல் இல்லை.

வெண்டைக்காய் இன்று கொஞ்சம் தாறுமாறாக அமைந்துவிட்டது.

மே 25, ஞாயிறு

குங்குமச் சிமிழை மேல் அலமாரிக்கு மாற்றினேன். கீழே இருந்தால் கைபட்டுக் கொட்டும்.

மே 26, திங்கள்

வினோ கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆயா, இது கொசு மேலேருந்து பாத்த படம். நடுவுல வைக்க வேண்டிய பொட்டு எங்க இருக்கு, சொல்லு."

"நடுவுலதான்."

"ஒரு சாண் தள்ளி இருக்கு. மூலையில வைக்க வேண்டிய மஞ்ச, பலகைக்கு வெளியில தளத்து மேல இருக்கு. வச்சவங்களுக்குக் கண்ணு தெரியல."

நான் போர்வையை மடிக்க ஆரம்பித்தேன்.

"எவ்ளோ நாளா ஆயா?"

"என்னா எவ்ளோ நாளா? பல்பு மங்கலா எரியுது. உங்கப்பன் மட்டமான பல்பு வாங்கிப் போடுறான்."

"டைரியில ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் எழுதுறாங்க அத்தை" என்று தமயந்தி வாசலில் நின்று போட்டுக்கொடுத்தாள். இந்த வருஷ டைரியில் கோடுகளை மங்கலாக அடித்திருக்கிறான்கள், நான் என்ன செய்வது. ஐஸ் கம்பெனி இனாமாகக் கொடுப்பது இப்படித்தான் இருக்கும்.

வினோ அவள் அக்கா கோமதிக்கு அங்கேயே போன் போட்டாள். கண்ணில் புரையாக இருக்கும் என்றார்கள். சின்ன ஆபரேஷன் என்றார்கள். கண்ணில் கத்தி வைப்பதில் சின்னது பெரியது என்ன இருக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வினோ சண்டை போடவில்லை. அவள் அப்பனும் இப்படித்தான். சத்தம் இல்லாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

"சரி. எனக்கு ஒரு வேலை செய்யி. நாளையிலேருந்து தெனம் பலகையில பொட்டு வை. உனக்கு எங்க தோணுதோ அங்க. மஞ்ச, குங்குமம், சாம்பல், மீன் செதிள், எது வேணாலும். கொசு அத்தனையும் பாத்துப் பழகட்டும்."

"கிண்டல் பண்ற."

"இல்ல ஆயா. நான் வச்சா நேராத்தான் வைப்பேன். நீ வச்சாத்தான் கப்பல்ல இருக்கிற மாதிரி இருக்கும்."

திட்டினாளா, பாராட்டினாளா என்று விளங்கவில்லை. சரி என்றேன்.

ஜூன் 2, திங்கள்

தினமும் காலையில் சிமிழோடு படகுக்குப் போகிறேன். ஜாபர் கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறான். நான் வைக்கிறேன், கொசு மேலே நின்று பார்க்கிறது, அழிக்கிறார்கள், மறுபடி வைக்கிறேன். மாசிலாமணி தன் பங்குக்கு டீசலைக் கொஞ்சம் ஊற்றினான். நேற்று பழைய வலையைப் பாதிப் பலகைமேல் விரித்துப் போட்டான்.

"பெரியம்மா, கொசுவுக்குத் தெனம் கல்யாணம் போல இருக்குதே" என்கிறான்.

"உனக்குப் பொறாமைடா. உனக்கு வச்சது ஒரு தடவைதான்."

இப்போது வினோ கட்டத்தை மட்டும் நம்ப விடுவதில்லை. மிச்சம் தெரிகிற துண்டுகளை வைத்து மறைந்ததைத் தேட வேண்டும். அதுவும் போதாவிட்டால் படகின் விளிம்பு, பாய்மரம் மாதிரி நிற்கிற கம்பம், வலை இழுக்கிற வின்ச், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் பலகை இங்கேதான் இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் நடையை வைத்து ஆளைச் சொல்வது மாதிரி என்றாள்.

அதில் என்ன அதிசயம், நானும் கொஞ்ச நாளாக எல்லோரையும் நடையை வைத்துத்தான் சொல்கிறேன் என்றேன். ஜாபர் எதையோ கீழே போட்டுவிட்டு எடுத்தான்.

ஜூன் 7, சனி

இன்று பலகையில் பாதி தெரியாமல் இருந்தும் இறங்கியது. முக்கால்வாசி மறைத்தார்கள், இறங்கவில்லை. வினோ மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது என்று தமயந்தி சொல்கிறாள். எனக்கு அவள் முகம் எப்போதும் போலத்தான் இருக்கிறது.

முதலாளி போன் செய்தார். சென்னைக்கு வந்துவிடு, மூடிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

"பன்னண்டாம் தேதி கப்பல்ல எறக்கிப் பாத்துட்டு அப்புறம் மூடுங்க சார்" என்றாள். "அதுவரைக்கும் எனக்கு வேலை இருக்கு."

போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "கப்பல்ல எறங்கிட்டா நீ ஆபரேஷனுக்கு வரணும்."

"எறங்கட்டும், பாக்கலாம்."

"பாக்கலாம் இல்ல. வரணும்."

அவள் கையை நீட்டினாள். அடித்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. அவள் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டால் என் கண்ணுக்குக் கத்தி. ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நின்றது. பலகையை லாஞ்ச் படகில் ஏற்றுவதற்கு முன் வினோ எல்லோர் முன்னாலும் சிமிழை என் கையில் கொடுத்தாள். முதலாளி முகத்தைச் சுளித்திருப்பார்.

"வை ஆயா."

"வேணாம் பாப்பா. இன்னைக்கு வேணாம்."

"இன்னைக்குத்தான் வேணும்."

வைத்தேன். "நடுவுல இருக்கா?" என்று கேட்டேன்.

"நடுவுலதான் இருக்கு" என்றாள். ஜாபர் சிரித்தான். ஏன் சிரித்தான் என்று தெரியவில்லை.

வினோ லாஞ்சில் பலகையோடு கப்பலுக்குப் போய்விட்டாள். கரையிலிருந்து கொசுவைக் கிளப்புவது ஜாபர். முதலாளி அவன் பக்கத்தில் நின்றார். நான், கலியமூர்த்தி, மாசிலாமணி மூவரும் படகுத்துறைக் கட்டையில் உட்கார்ந்தோம். காற்று பலமாக அடித்தது. வெளியே கடல் நன்றாகவே ஆடும் என்று மாசிலாமணி சொன்னான்.

கொசு தலைக்கு மேலே போனது. இரைச்சல் சிறுத்துச் சிறுத்து, அலையோடு கலந்துவிட்டது.

"அதோ போவுது பெரியம்மா."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்" என்று என் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டான். நல்லவன்.

ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. ஜாபரின் வயர்லெஸ்ஸில் கேப்டன் குரல் கேட்டது. பலகையை வைத்ததும் அதன்மேல் ஈரக் கயிறு ஒரு சுருள் போடச் சொன்னாராம், துருத்தூளை அள்ளிப் போட்டாராம். "எங் கப்பல் இப்டித்தான் இருக்கும்" என்றார். முதலாளி, "இது நியாயம் இல்லையே" என்றார். "இருக்கட்டும் சார்" என்று வினோவின் குரல் வந்தது.

கொசு ஒரு தடவை கீழே வந்து, வேண்டாம் என்று மேலே போய்விட்டதாம். கலியமூர்த்தி எழுந்து நின்றான். நான் உட்கார்ந்தே இருந்தேன். பழக்கியவள் அங்கே இருக்கிறாள், எனக்கு என்ன பயம்.

மறுபடி வந்தது. நின்றது. காத்திருக்கிறது, காத்திருக்கிறது என்று வயர்லெஸ்ஸில் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

"எறங்கிட்டு" என்றார் கேப்டன். "கயித்துக்கும் பொட்டுக்கும் நடுவுல."

ஜாபர் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். மாசிலாமணி கட்டையை ஓங்கி அடித்தான். கலியமூர்த்தி வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தான். முதலாளி என்னிடம் வந்து, "பாட்டி, உங்க பேத்தி சாதிச்சுட்டாங்க" என்றார்.

"அது எங்களுக்கு முன்னயே தெரியும்" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

தடை முடிந்து படகுகள் எல்லாம் கிளம்பிப் போயின. எங்கள் படகுக்கு நானே பொட்டு வைத்தேன். கப்பல் கம்பெனி வினோவின் டிரோனையே வாங்கிக்கொள்கிறதாம். வேலையை மூடவில்லை, இன்னும் ஆட்களைச் சேர்க்கிறார்கள். வினோ சென்னைக்குக் கிளம்புவதற்கு முன் என் துணிப்பையை அவளே எடுத்து வைத்தாள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

ஜூன் 19, வியாழன்

புதுச்சேரி. வலது கண் முடிந்தது. கோமதி என் தலைமாட்டிலேயே நின்றாள். அவள் மயங்கி விழவில்லை, நானும் விழவில்லை. இதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த டைரியில் கோடுகள் நீல நிறம். தமயந்திக்குக் காதோரம் நரைத்திருக்கிறது, பாவம், எப்போது ஆரம்பித்ததோ. அரிசியில் கல்லைக் கல்லாகவே போட்டிருக்கிறார்கள்.

கூடத்தில் மாட்டிய படத்தைக் கழற்றி, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வினோவின் கையில் இருப்பது பூச்செண்டு இல்லை. நான்கு இறக்கையோடு சின்னதாக ஒரு கொசு. காலேஜில் முதன்முதலாகச் செய்ததாம். தமயந்தியிடம் கேட்டால், "எத்தினி தடவ சொல்றது அத்தை, நீங்கதான் வர்றவங்க கிட்ட எல்லாம் பூச்செண்டுன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க" என்கிறாள். ஸ்டூடியோக்காரன் காகிதம் நல்ல காகிதம்தான்.

வினோவுக்குக் கார்டு எழுதினேன். அதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பாப்பா, எனக்கு ஒரு புதுப் படம் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், காகிதத்தில் பெரிதாகப் போட்டு அனுப்பு. அந்தக் கப்பலில் எடுத்தது இருக்குமே, நீயும் கொசுவும் நிற்கிற மாதிரி. கீழே பலகை முழுதாகத் தெரிய வேண்டும். பொட்டை எங்கே வைத்தேன் என்று நான் பார்க்க வேண்டும்.